விழுந்த சீட்டும் வைத்த பணமும்

சீட்டாட்டத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சில வாசகர்கள் முகத்தைச் சுளிக்கக் கூடும். பயப்பட வேண்டாம். யாரையும் ஆட அழைக்கப் போவதில்லை. மனித ஜாதிக்குச் சூதாட்டம் கற்றுக் கொடுத்த ஒரு பாடத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அந்தப் பாடத்துக்குச் சம்பளம் கட்டியவர்கள் வேறு யார் யாரோ. நாம் சம்பளம் கட்டாமலே தெரிந்து கொள்ளலாம்.

உலகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஜயித்தவனைக் கெட்டிக்காரன் என்போம். தோற்றவனை மடையன் என்போம். ஒருவன் கடன் வாங்கிப் பருத்தி வியாபாரம் ஆரம்பித்தான். அந்த வருஷம் பருத்தி விலை ஏறிற்று. "அவனுக்கு என்ன மூளை!" என்று ஊரார் வியந்தார்கள். அடுத்த வருஷம் இன்னொருவன் அதே கடையில் அதே வட்டிக்குக் கடன் வாங்கி அதே வியாபாரம் ஆரம்பித்தான். விலை இறங்கிற்று. "புத்தி கெட்டவன்" என்று அதே ஊரார் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் மூளை ஒரே அளவுதான். நடுவில் புகுந்து வேலை செய்தது வேறு ஏதோ ஒன்று. அந்த 'ஏதோ ஒன்று' எத்தனை பங்கு, மனிதனுடைய தீர்மானம் எத்தனை பங்கு? இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கக் கற்றுக் கொள்ளவே மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. கற்றுக் கொண்ட பள்ளிக்கூடம் சூதாடும் மேஜைதான்.

நம்முடைய பெரியவர்களுக்கு இதில் ஒரு மோப்பம் இருந்திருக்கிறது. மகாபாரதத்தில் சூதாடித் தோற்றுக் காட்டுக்குப் போன தருமரைத் தேற்றுவதற்காகப் பிருகதசுவ முனிவர் நளன் கதையைச் சொல்கிறார். நளன் நாட்டை இழந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவன் நாட்டைத் திரும்பப் பெற்றது எப்படி என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பாகுகன் என்ற பெயரில் அவன் இருதுபர்ணனுக்குத் தேரோட்டிக்கொண்டு போகிறான். வழியில் ஒரு தான்றி மரம் நிற்கிறது. ஓடுகிற தேரில் உட்கார்ந்தபடியே அந்த மரத்தில் இத்தனை இலை, இத்தனை காய் என்று அரசன் கணக்குச் சொல்கிறான். நளனுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி, எண்ணியே பார்த்துவிடுகிறான். கணக்குச் சரியாக இருக்கிறது! இந்த எண்ணும் வித்தையையும் சூதின் இரகசியத்தையும் இருதுபர்ணன் அவனுக்குக் கற்பிக்கிறான். உடனே கலி அவனை விட்டு ஓடுகிறான். பழைய காலத்தில் சூதாடும் காயாக உருட்டப்பட்டதும் தான்றிக்காய்தான் என்பதை இங்கே நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணத் தெரிந்தவனைக் கலி பிடிப்பதில்லை என்று கதை சொன்னவர் சூசகமாகச் சொல்லியிருப்பதாக நான் எடுத்துக் கொள்கிறேன். ஆனால் அந்த இரகசியம் இன்னதென்று அவர் எழுதி வைக்கவில்லை. அதை எழுதி வைக்கும் வேலை, வெகு காலம் கழித்து, இத்தாலி தேசத்து வைத்தியர் ஒருவருக்கு வந்து சேர்ந்தது.

அவர் பெயர் கார்டானோ. 1501ல் பிறந்து 1576ல் இறந்தவர். வைத்தியத்தில் பெரிய பெயர்; கணிதத்தில் அதைவிடப் பெரிய பெயர்; சூதாட்டத்தில் கெட்ட பெயர். வெனிஸ் நகரத்தில் ஒருவன் அடையாளம் வைத்த சீட்டுகளைக் கொண்டு தம்மை ஏமாற்றியதைக் கண்டுபிடித்து, கத்தியை உருவி அவன் முகத்தில் காயப்படுத்திவிட்டுப் பணத்தோடு தப்பி ஓடிய கதையை அவரே தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் ஆடிய ஆட்டங்களில் ஒன்று பிரிமேரோ. சீட்டைப் பார்த்துக்கொண்டு பணத்தை ஏற்றிக்கொண்டே போகும் ஆட்டம் அது. பிற்காலத்துப் போக்கருக்குப் பாட்டி முறை ஆக வேண்டும். இந்த மனிதர் எழுதிய சூதாட்டப் புத்தகத்தில்தான், பகடை விழக்கூடிய எல்லா வகைகளையும் எண்ணி, அவற்றில் நமக்குச் சாதகமானவை எத்தனை என்று பிரித்துப் பார்க்கும் யோசனை முதன் முதலில் ஒழுங்காகத் தென்படுகிறது. புத்தகம் அச்சேறியது 1663ல். அவர் இறந்து எண்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது!

அதற்குள் பிரான்ஸ் தேசத்தில் இரண்டு பேர் முந்திக்கொண்டார்கள். 1654ல் பாஸ்கல் என்பவரும் பெர்மா என்பவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் பிரசித்தமானவை. சூதாட்டக்காரப் பிரபு ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து விஷயம் ஆரம்பித்தது. இரண்டு பேர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகிறார்கள். யார் முதலில் மூன்று ஆட்டம் ஜயிக்கிறாரோ அவருக்கு 64 காசும் சேரும். ஒருவர் இரண்டு ஆட்டமும், மற்றவர் ஒரு ஆட்டமும் ஜயித்திருக்கும்போது ஆட்டம் நின்று போகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது?

பாஸ்கலின் விடை சிறு பிள்ளைக்கும் புரியும். அடுத்த ஆட்டம் நடந்ததாக வைத்துக்கொள்வோம். முந்தி இருப்பவர் ஜயித்தால் அவருக்கு 64ம் உண்டு. தோற்றாலோ இருவரும் சமம். அப்போது அவருக்கு 32. ஆக, ஜயித்தாலும் தோற்றாலும் 32 காசு அவருடையதுதான். மிச்சம் உள்ள 32 பாதிப் பாதி. அதில் 16 அவருக்கு. மொத்தம் 48. மற்றவருக்கு 16.

என்னுடைய கணக்கு ஞானம் காலேஜில் படித்த இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் ஒரு நல்ல சிறுகதையைப் படித்த திருப்தி எனக்கு ஏற்படுகிறது. ஏன் என்று கேட்டால், நடக்காத ஆட்டத்துக்கு இன்றைக்கே ஒரு விலை போட்டுவிட்டார் பாஸ்கல். நாளைக்கு என்ன ஆகும் என்பதை யாரும் அறிய முடியாது. ஆனால் அறியாத நாளைக்கு இன்று எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அறிய முடியும்! ஒரு தீர்மானத்தை அதன் பலன் தெரிவதற்கு முன்பே எடை போட ஒரு தராசு கிடைத்துவிட்டது.

தராசு கிடைத்ததே தவிர, அதை நிறுத்துப் பார்ப்பதற்கு ஏற்ற ஆட்டம் இன்னும் பிறக்கவில்லை. பகடையில் மனிதனுக்கு வேலை இல்லை, உருட்டிவிட்டால் தீர்ந்தது. சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. எல்லாக் காய்களும் கண்ணெதிரே நிற்கின்றன. இரண்டும் கலந்த ஆட்டம், அமெரிக்காவில், மிஸிஸிப்பி நதிக் கரையில் உருவாயிற்று.

நதியின் முகத்துவாரத்துக்கு அருகில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் நகரம். 'போக்' என்ற பிரெஞ்சு ஆட்டத்தின் பெயரே போக்கர் ஆயிற்று என்பது பலருடைய அபிப்பிராயம். அங்கிருந்து நீராவிக் கப்பல்களில் ஏறி ஆட்டம் நதியோடு வடக்கே பிரயாணம் செய்தது. கப்பலில் பருத்தி வியாபாரிகள் இருப்பார்கள், பையில் பணம் இருக்கும், பொழுது போகாது. வேறென்ன வேண்டும்? 1829ல் அப்படி ஒரு கப்பலில் போன ஜோஸப் கவல் என்ற ஆங்கில நாடக நடிகர், தாம் கண்ட ஆட்டத்தை 1844ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தார். ஆரம்பத்தில் ஆட்டத்துக்கு இருபதே சீட்டுகள்: ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. சீக்கிரத்திலேயே 52 சீட்டுக் கட்டும் வந்தது. வேண்டாத சீட்டைக் கீழே போட்டுப் புதுச் சீட்டு வாங்கும் வழக்கமும் வந்தது. சீட்டு வந்த இடத்தில் மோசடிக்காரர்களும் வந்தார்கள். 1835 ஜூலையில் விக்ஸ்பர்க் என்ற ஊரின் ஜனங்கள் ஆத்திரம் மூண்டு, விசாரணை என்று ஒன்று இல்லாமலே, தொழில் சூதாடிகள் ஐந்து பேரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். ஆட்டத்தின் ஜாதகத்தில் இரத்தக் கறையும் இருக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை.

போக்கர் ஆடாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆளுக்கு ஐந்து சீட்டு. 52 சீட்டிலிருந்து ஐந்து ஐந்தாக எடுத்தால் 25,98,960 விதமான கைகள் வரும். எது அபூர்வமோ அது உசத்தி. பாதிக் கைகளில் ஒரு ஜோடிகூட இராது. நான்கு சீட்டு ஒரே மதிப்பில் வருவது 4,165 கைகளுக்கு ஒரு தடவை. இதெல்லாம் அதிர்ஷ்டத்தின் இலாகா; மனிதன் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் சீட்டைக் கையில் வாங்கிய நிமிஷத்திலிருந்து, பணத்தைப் போடுவதா, ஏற்றுவதா, சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவதா என்பதெல்லாம் மனிதனுடைய இலாகா. எல்லோரும் விலகிவிட்டால் கடைசியில் நிற்பவன் கையில் என்ன இருந்தது என்பதை யாரும் பார்ப்பதில்லை, பணம் அவனுடையது.

தீர்மானம் எப்படிச் செய்வது? இங்கேதான் பாஸ்கலின் தராசு வருகிறது. என் கையில் நான்கு இஸ்பேட்டு. ஐந்தாவதும் இஸ்பேட்டாக வந்தால் அநேகமாக எனக்குத்தான் ஜயம். உதவாத சீட்டைப் போட்டுவிட்டு ஒன்று வாங்க வேண்டும். நான் காணாத சீட்டுகள் 47. அவற்றில் இஸ்பேட்டு ஒன்பது. ஆக, எனக்கு நல்லது ஒன்பது வழி, கெட்டது முப்பத்தெட்டு வழி. ஏறக்குறைய ஒன்றுக்கு நாலேகால். சீட்டு வாங்க நான் பத்து ரூபாய் போட வேண்டியிருந்து, நடுவில் ஐம்பது ரூபாய் குவிந்திருந்தால், போடலாம். முப்பதுதான் இருந்தால், போடக்கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இதன் தாத்பரியத்தைக் கவனியுங்கள். ஐம்பது ரூபாய்க்கு நான் பணம் போட்டது சரியான தீர்மானம். அப்படி இருந்தும் ஐந்து தடவைக்கு நான்கு தடவை நான் தோற்பேன்! பக்கத்தில் நின்று பார்க்கிறவர் நாலு தடவையும் என்னைப் பரிகசிப்பார். முப்பது ரூபாய்க்குப் போட்ட மடையனோ ஐந்தில் ஒரு தடவை ஜயிப்பான். அன்றைக்கு அவன் வீட்டில் விருந்து. சரியாகச் செய்து தோற்பதும், தப்பாகச் செய்து ஜயிப்பதும் இந்த உலகத்தில் தினசரி நடக்கிற சம்பவம் என்பதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாகச் சொல்லும் தத்துவ நூலை நான் படித்ததில்லை.

சீட்டைக் கணக்கிடலாம், சரி. எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதனை எப்படிக் கணக்கிடுவது? கையில் ஒன்றுமில்லாமல் பணத்தை வாரிக் கொட்டிப் பூச்சாண்டி காட்டுகிறவனை என்ன செய்வது? அது துணிச்சலைப் பொறுத்தது, முகத்தைப் பொறுத்தது என்றுதான் வெகு காலம் எண்ணியிருந்தார்கள். புடாபெஸ்டில் பிறந்த வான் நாய்மன் என்ற கணித மேதை அப்படி எண்ணவில்லை. 1928ல் ஒரு கட்டுரையும், 1944ல் மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளாதார அறிஞருடன் சேர்ந்து ஒரு பெரிய புத்தகமும் எழுதி, பூச்சாண்டியும் கணக்குத்தான் என்று நிரூபித்துவிட்டார்.

அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். நல்ல சீட்டு வந்தபோது மட்டும் பணத்தை ஏற்றுகிற யோக்கியனை நாலு ஆட்டத்தில் எல்லோரும் தெரிந்து கொள்வார்கள். அவன் பணத்தை ஏற்றியதும் எல்லோரும் விலகிவிடுவார்கள். நல்ல சீட்டுக்கும் அவனுக்குக் காசு தேறாது. ஆகையால் எப்போதாவது ஒன்றுமில்லாத கையோடும் ஏற்றத்தான் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. பூச்சாண்டிக்கு ஏற்றவை நடுத்தரமான சீட்டுகள் அல்ல. படு மோசமான சீட்டுகளே. நடுத்தரச் சீட்டுக்கு, சும்மா காட்டினாலும் சில சமயம் ஜயம் உண்டு. மோசமான சீட்டுக்குப் பூச்சாண்டியை விட்டால் வேறு கதி இல்லை! கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. நடுத்தரக் குடும்பத்தார் சாமான்யமாகத் துணிவதில்லை. இழக்க ஒன்றுமில்லாதவன்தான் துணிவான் என்பதை நாவலாசிரியர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதிர்ஷ்டமும் தீர்மானமும் ஒரே மனிதனிடம் அடுத்தடுத்து வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமானால் 2003ஆம் வருஷத்து லாஸ் வேகாஸ் பந்தயத்தைப் பார்க்க வேண்டும். 839 பேர் கலந்துகொண்ட உலகப் போட்டி. ஜயித்தவர் டென்னஸி மாகாணத்துக் கணக்கர் ஒருவர். பெயர் கிறிஸ் மணிமேக்கர். அதாவது 'பணம் பண்ணுகிறவர்'! கதையில் நான் இப்படிப் பெயர் வைத்தால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். கடவுளுடைய கதைகளை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. பரிசு 25 லட்சம் டாலர்.

அந்த ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு இரகசியம்; மேஜைமேல் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. ஒரு கட்டத்தில் பில் ஐவி என்ற மகா ஆட்டக்காரர் எதிரே இருக்கிறார். கடைசிப் பொதுச் சீட்டு திறக்குமுன் ஐவியின் கை உசத்தி. திறக்காத 44 சீட்டில் ஏழுதான் மணிமேக்கரைக் காப்பாற்றும். ஆஸ் விழுந்தது! ஐவி எழுந்து போனார். இது சுத்த அதிர்ஷ்டம். பிறகு கடைசி இருவராக ஸாம் பார்ஹா என்பவருடன் ஆடும்போது, மணிமேக்கர் எதிர்பார்த்த சீட்டு ஒன்றும் வரவில்லை. ஒரு ஜோடிகூட இல்லை. பார்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது. மணிமேக்கர் தம் பணம் முழுவதையும் நகர்த்தி வைத்துவிட்டுச் சிலைபோல் உட்கார்ந்தார். பார்ஹா வெகு நேரம் யோசித்துச் சீட்டைக் கவிழ்த்தார். இந்த ஜயத்தைத் தந்தது எந்தச் சீட்டும் அல்ல. ஒரு மனிதனுடைய தீர்மானம். ஊரார் இரண்டையும் சேர்த்து ஒரே வார்த்தையில் 'யோகம்' என்றார்கள்.

அப்படியானால் ஒருவன் கெட்டிக்காரனா, யோகக்காரனா என்று பிரித்துக் காண எத்தனை ஆட்டம் பார்க்க வேண்டும்? இதற்கும் ஒரு விடை உண்டு. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரத்தில், கார்னகி மெலன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய 'லிப்ராட்டஸ்' என்ற கம்ப்யூட்டர் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களுடன் இருபது நாள் போக்கர் ஆடியது. அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட ஓர் ஏற்பாடு செய்தார்கள். இந்த அறையில் மனிதனுக்கு வந்த சீட்டு அந்த அறையில் இயந்திரத்துக்கு. இயந்திரத்துக்கு வந்தது அங்கே மனிதனுக்கு. இவ்வளவு செய்தும், முடிவு கட்ட அவர்கள் ஆடிய ஆட்டங்கள் எத்தனை தெரியுமா? 1,20,000! இயந்திரம்தான் ஜயித்தது.

எனக்கு இயந்திரத்தின் ஜயத்தைவிட அந்த எண்தான் பெரிதாகப் படுகிறது. ஒரு ராத்திரி ஜயித்தவன் தன்னை மேதை என்று எண்ணிக் கொள்கிறானே, அவன் இதைக் கேட்க வேண்டும். கெட்டிக்காரத்தனம் அதிர்ஷ்டத்தை மீறித் தலை தூக்க ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். அதுவரை கையில் பணம் தாங்க வேண்டுமே! 1657ல் ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ் வெளியிட்ட சிறு புத்தகத்தில், ஒருவனுடைய காசு முழுவதும் தீரும் வரை ஆடுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. அந்த ரகத்தில் எளியது இது: உங்களிடம் நூறு ரூபாய், எதிராளியிடம் தொள்ளாயிரம். தடவைக்கு ஒரு ரூபாயாகப் பூவா தலையா ஆடுகிறீர்கள். மோசடி கிடையாது; காசு நியாயமானது. ஒருவர் கை வெறுமையாகும் வரை ஆடினால், பத்தில் ஒன்பது பங்கு வெறுங்கையோடு எழுந்து போகிறவர் நீங்கள்தான். நியாயமான ஆட்டத்திலும் ஏழைக்குக் காலம் போதாது! ஆட்டம் நடத்துகிறவன் ஒவ்வொரு தடவையும் தன் பங்கை எடுத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

நம் தேசத்தில் கோர்ட்டுகளும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கு நின்றிருக்கின்றன. ரம்மி முக்கியமாகச் சாமர்த்தியத்தின் ஆட்டம், மூன்று சீட்டைப்போல் முழுக்க அதிர்ஷ்டம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 1968ல் சொல்லிற்று. 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டு, ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்தை ஒப்புக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் சாமர்த்திய ஆட்டங்கள் என்று அதிலிருந்து விலக்கிற்று. 2025ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டமோ, பணம் வைத்து ஆன்லைனில் ஆடும் ஆட்டங்களைச் சாமர்த்தியமா அதிர்ஷ்டமா என்று பாராமலே தடை செய்தது. போக்கரில் சாமர்த்தியம் உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே என் பதில். ஆனால் மாதச் சம்பளத்தை வைத்து ஆடி நடுத்தெருவுக்கு வந்த குடும்பத்துக்கு அந்தப் பதிலால் என்ன ஆறுதல்? சாமர்த்தியம் லட்சம் ஆட்டத்தில் தெரியும். வாடகையோ ஒன்றாம் தேதி கொடுத்தாக வேண்டும்.

ஆகவே ஆட்டத்தை ஆடுகிறவர்களிடமே விட்டுவிட்டு, பாடத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். பிள்ளையைப் படிக்க வைக்கிறோம். இருக்கிற வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகிறோம். இவற்றுள் எதிலும் லட்சம் தடவை ஆட முடியாது. ஒரே கைதான். சரியாக எண்ணிப் பார்த்துத் தீர்மானித்தவனுக்கும் சீட்டு மாறி விழலாம். அப்படி விழுந்தவனைப் பார்த்து மடையன் என்று சொல்லுமுன், அவன் பணம் வைத்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்திருந்தது என்ன என்று ஒரு கேள்வி கேட்கலாம். ஜயித்தவனைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்கலாம். ஜயித்தவன் நாமாக இருந்தால், கொஞ்சம் உரக்கவே கேட்கலாம்.